ஐஸ் வைத்த புட்டி

கோட்டைக்குப்பத்தில் இறாலுக்கு ஐஸ் போடுவது என் தொழில். அதில் என்னைக் குறை சொல்ல எவனும் பிறக்கவில்லை. அதுவே வினையாகிவிட்டது.

எண்பத்தாறில் எங்கள் பக்கம் பேதி பரவியது. என் மனைவி பச்சையம்மாவுக்கு மூன்று நாளாக நிற்கவில்லை. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்து முகாமில் சலைன் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மாத்திரை கேட்கவே இல்லை.

மெட்ராஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த டாக்டர் சரோஜா ஒரு சின்னப் புட்டியை நீட்டினார். உள்ளே பச்சையம்மாவின் பேதி.

"இந்தக் கிருமி மாறியிருக்குன்னு தோணுது. மெட்ராஸ்ல இதை வளர்த்து, மரபணுவைப் பிரிச்சுப் பார்த்தாதான் எந்த மருந்து கேக்கும்னு தெரியும். ஜாக்கிரதையா சேர்த்துடுங்க."

"எவனாச்சும் மாத்தி ஏரில வுட்டானா டாக்டரம்மா?"

"தானா மாறுச்சா, யாராவது மாத்தினாங்களா, அதையும்தான் பார்க்கணும்."

ஒன்றும் விளங்கவில்லை. கிருமி என்ன சட்டையா, மாற்றிவிட? ஆனால் கெட்டுப்போகிற சாமானை எப்படி அனுப்புவது என்று எனக்கா தெரியாது? ஐஸை நொறுக்கி, நடுவில் புட்டியைப் புதைத்து, உமி தூவி மூடினேன். முதல்தர இறாலுக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை. பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் தபாலாபீசுக்குப் போன் வந்தது. புட்டியில் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லையாம். நான் துள்ளிக் குதித்தேன். முகாமுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், பச்சையம்மா கண் குழி விழுந்து அப்படியே கிடந்தாள். கிருமி செத்துவிட்டதென்றால் இவள் ஏன் எழுந்திருக்கவில்லை?

"எதுல வெச்சு எடுத்துட்டுப் போனீங்க?" என்றார் சரோஜா.

"ஐஸ்லதான். வேற இன்னாத்துல வெப்பாங்க?"

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது குளிர்ல செத்துடும் நீலமேகம். உயிரோட போனாதான் மருந்தைக் கண்டுபிடிக்க முடியும். நான் சொல்லியிருக்கணும்."

விடிந்ததும் இன்னொரு புட்டியோடு முதல் பஸ் ஏறினேன். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். திருப்பாலைவனம் தாண்டியதும் காற்று சில்லென்று அடித்தது. ஜன்னலை இறக்கி மூடிவிட்டேன்.

"இன்னாய்யா, மூச்சு முட்டுது, தொற!" என்று பக்கத்து ஆள் எரிந்து விழுந்தான்.

நான் திறக்கவில்லை. என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்ப்பது மடியில் இருந்தது. செத்துடாதே, செத்துடாதே என்று அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.