யமுனாவுக்குப் பிடித்த குழம்பு

என் வீட்டுக்காரர் அர்த்தனாரிக்கு நான் இரண்டாம் தாரம். முதல் தாரம் யமுனா காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, வருஷத்தில் ஒரு நாளைத் தவிர. தை மாதம் அவளுக்குப் படையல் போடும் நாள் அது.

அன்றைக்குப் பலாக்கொட்டைக் குழம்பு வைத்தே ஆக வேண்டும். யமுனாவுக்கு அது உயிராம். தை மாதத்தில் கொல்லிமலையில் எந்த மரத்தில் பலாப்பழம் தொங்குகிறது? அதனால் ஆடியிலேயே கொட்டைகளைச் செம்மண்ணில் பிரட்டிப் பானையில் போட்டு, ஆறு மாதம் எலிக்குக் காவல் இருப்பேன். பிறகு நகக்கண் எரிய எரிய ஒவ்வொன்றாகத் தோலைச் சுரண்ட வேண்டும். மிளகை அம்மியில்தான் அரைக்க வேண்டும், யமுனா அப்படித்தான் அரைத்தாளாம். என் மிக்சி பரண்மேல் சும்மா கிடக்கிறது. படையலுக்கு முன்னால் உப்புக்கூட வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. இத்தனையும் முடிந்து முதல் வாய் சாப்பிட்டதும் அவர் சொல்வார்: "யமுனா வெச்சாப்ல இல்ல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழுகிற மனுஷனிடம் என்ன சண்டை போடுவது? நாலு வருஷமாக இதே பாட்டு.

இந்த வருஷம் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போது நாமகிரி அக்கா வாசலில் வந்து நின்றாள். யமுனாவின் கூடப்பிறந்த அக்கா. அவர் என்னைக் கட்டிய கோபத்தில் இத்தனை வருஷம் மலை ஏறாதவள், காளப்பநாயக்கன்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தாள். வளைவுகளில் குடல் புரண்டு முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு கட்டைப்பை. குறை சொல்ல இன்னொரு ஆளும் வந்தாயிற்று என்று நினைத்தேன்.

அவள் இலையைப் பார்த்தாள். "ஏங்கண்ணு, இந்தக் கொழம்பு யாருக்கு?"

"யமுனாக்காவுக்குத்தானுங்க. அவங்களுக்கு உசுருன்னு இவரு சொன்னாருங்க."

நாமகிரி அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க மாப்ள, அவ பலாக்கொட்டையத் தொடவே மாட்டாளே. ஒண்ணு தின்னாலும் வகுத்து வலின்னு உருளுவா. உங்களுக்குப் புடிக்கும்னுதான வெச்சா."

"கூட உக்காந்து சோத்துல ஊத்திக்குவாளே" என்றார் அவர்.

"ஊத்துனா செரி. தின்னாளான்னு நீங்க எங்க பாத்தீங்க?"

கட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய கருவாடு. "இதுதான் அவளுக்கு உசுரு. இந்த ஊட்டுல நாத்தம் ஆகாதுன்னு மாப்ள சொல்லீட்டாருன்னு, எங்கூட்டுக்கு வந்து தின்னுபோட்டு, கைய நாலு தரம் கழுவீட்டுப் போவா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் கருவாட்டுக்காரிதான். வாக்கப்பட்டு வந்த முதல் வாரமே எனக்கும் அதே சட்டம் போட்டார். அம்மா வீட்டுக்குப் போனால் ஆசை தீரத் தின்றுவிட்டு, கறிவேப்பிலையை மென்றுகொண்டு பஸ் ஏறுவேன். போட்டிக்காரி என்று நான் நினைத்தவள் என் கட்சிக்காரியாக இருந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். "ஏனுங்க, எனக்கு என்ன புடிக்கும்? சொல்லுங்க பாக்கலாம்."

அவர் கூரையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார் பாவம், நெற்றியில் வேர்த்துவிட்டது. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "பலாக்கொட்டைக் கொழம்புதான? வருசா வருசம் அத்தன ஆசையா வெக்கறயே."

நாமகிரி அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அடுப்பில் சட்டியை வைத்துக் கருவாட்டைப் போட்டேன். வாடை வீடு முழுக்கப் பரவியது. அவர் மூக்கைப் பொத்தவில்லை, எழுந்து வெளியே போகவும் இல்லை. குழம்பு ஊற்றிய இலையை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினேன். யமுனாவுக்குப் புது இலை போட்டு இரண்டு துண்டு வைத்தேன். படையல் முடிந்ததும் எனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு, அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றேன்.