இரண்டாம் குவார்ட்டர்

கூடைப்பந்து ஆட்டத்தின் இரண்டாம் குவார்ட்டர் தொடங்கப் போகிறது என்றதும் பெஞ்சில் இருந்த ஐந்து பெண்களும் வழக்கம்போல ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். பொன்மணி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"சுனிதா, இதுவரை ஆடின அதே அஞ்சு பேரு. போங்க," என்றாள்.

மட்டாஞ்சேரியில் அந்தக் கல்லூரிக்குக் கோச்சாக வந்த நாளிலிருந்து பொன்மணி ஒரு முறை வைத்திருந்தாள். முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் இரண்டாம் குவார்ட்டர் பெஞ்சுக்காரர்களுடையது. அதனால் கைக்கு வந்த ஆட்டங்கள் சில நழுவியும் போயிருக்கின்றன. ஆனாலும் காலைப் பயிற்சிக்கு ஒருத்திகூட மட்டம் போட்டதில்லை.

இன்று மண்டல இறுதி ஆட்டம். மதியம் கல்லூரி மேனேஜர் வெங்கிடாசலம் அவளைக் கூப்பிட்டு, சாயா வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். "பரீட்சணமெல்லாம் இன்னிக்கு வேண்டா, கேட்டோ. உன் வேலை இன்னும் தற்காலிகம்தான். கமிட்டிக்கு நான் ஒரு கப்பையாவது காட்டணுமில்லையா?"

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். பெண்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து மேல்சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி மட்டும் மாட்டவில்லை. அவளுடைய அப்பா தேனிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். அம்மா பிராட்வே சந்தையில் காய்கறி விற்கிறாள். மற்றப் பெண்கள் கோச்சை மலையாளத்தில் 'சேச்சி' என்பார்கள், இவள் 'அக்கா' என்பாள். இன்று கூப்பிடவில்லை. பொன்மணியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை பொன்மணிக்கு உறைத்தது.

எதிரணி ஆலுவாக்காரர்கள். அவர்களுடைய ஏழாம் நம்பர் பெண் நிற்காமல் ஓடினாள். சுனிதாதான் அவளைத் தடுக்க வேண்டும், கூடையிலும் போட வேண்டும். மூன்றாம் குவார்ட்டர் முடிவதற்குள் சுனிதாவுக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டது. இன்னொன்று ஆனால் வெளியே.

டைம் அவுட்டில் அவள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "சேச்சி, கால் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. செல்வியைக் கொஞ்ச நேரம் இறக்குங்க."

"இப்ப முடியாது. கொஞ்சம் பிடிச்சு நில்லு மோளே."

"நான் பிடிச்சு நின்னா ஃபவுலு. விட்டா அவ கூடையில போட்டுடுவா. நான் என்ன செய்ய?"

துணைக் கோச் சிஜு பொன்மணியின் முகத்தைப் பார்த்தான். பார்வையாளர் வரிசையில் வெங்கிடாசலம் பார்த்தார். பொன்மணி சுனிதாவையே திரும்ப அனுப்பினாள்.

கடைசிக் குவார்ட்டர் பாதி தாண்டியபோது நடுவரின் விசில் ஒலித்தது. சுனிதாவின் கை ஏழாம் நம்பரின் தோளில் கிடந்தது. ஐந்தாவது ஃபவுல். சுனிதா வாதாடவில்லை, நேராக வந்து தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். எதிரணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது.

"செல்வி," என்றாள் பொன்மணி.

பாண்டிச்செல்வி எழுந்து வந்தாள். "இப்பதான் என் ஞாபகம் வந்துச்சாக்கா?"

"ஏழாம் நம்பரைப் பிடி. வேற ஒண்ணும் யோசிக்காதே."

அவள் உள்ளே போனாள். இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த உடம்பு; முதல் பந்தே விரலில் பட்டு நழுவியது. ஏழாம் நம்பர் அதை எடுத்துக்கொண்டு ஓடிப் போட்டுவிட்டாள். இப்போது மூன்று புள்ளி பின்னால். கூட்டத்தில் யாரோ கூவினார்கள். பொன்மணி டைம் அவுட் கேட்டாள்.

வெங்கிடாசலம் வரிசையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார். "அந்தக் குட்டியை மாத்து பொன்மணி! எல்லாம் கையை விட்டுப் போறது."

"மாத்தலாம் சேச்சி," என்றான் சிஜு தணிந்த குரலில். "உயரமான ஒருத்தி பெஞ்சுல இருக்கா."

மாற்றினால் தப்பு செல்வியுடையது என்று ஆகிவிடும். பந்து நழுவியது செல்வியின் கையிலிருந்துதான். ஆனால் அந்தக் கையை இவ்வளவு நேரம் குளிரவிட்டது யார்?

"மாத்தல சார். நீங்க போய் உட்காருங்க," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அதற்குப் பின் நடந்ததை அவள் நின்றபடியே பார்த்தாள். முதல் ஐவரில் ஒருத்தியான ஸுப்ரியா ஒரு கூடை போட்டாள். ஒரு புள்ளிதான் பாக்கி. ஏழாம் நம்பருக்கு இப்போது கால் தளர்ந்திருந்தது. செல்விக்கு ஓட்டம் இப்போதுதான் ஆரம்பம். ஏழாம் நம்பர் வலப்பக்கம் போனால் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம் என்று நிழலாக ஒட்டிக்கொண்டாள். அந்தப் பெண்ணின் சோர்ந்த கை பந்தைச் சற்று உயரத் தட்டிய ஒரு நொடியில் செல்வி அதைப் பறித்து ஸுப்ரியாவுக்கு எறிந்தாள். ஸுப்ரியா தவறவிடவில்லை. ஒரு புள்ளி முன்னால்.

கடைசிப் பந்து ஏழாம் நம்பரிடமே வந்தது. எழும்பினாள். செல்வியும் கையை நீட்டி எழும்பினாள், தொடவில்லை. பந்து வளையத்தில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே விழுந்தது.

கல்லூரியே களத்துக்குள் பாய்ந்தது. வெங்கிடாசலம் பொன்மணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பார்த்தியா? நான் சொன்னபடி செஞ்சதாலதான் ஜெயிச்சே."

படம் எடுக்கக் கூப்பிட்டபோது ஆடாத நான்கு பெண்களும் பெஞ்சை விட்டு எழவில்லை. செல்வியும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். பொன்மணி அங்கே வந்து நின்றாள்.

"நீ ஜெயிச்சுக் கொடுத்தே செல்வி. வா."

"இவங்க நாலு பேரும் என்ன செஞ்சாங்க? எங்களை நம்பலைன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்லக்கா. சட்டையைக் கழட்டிட்டு எல்லார் முன்னாடியும் நின்னோம்."

பொன்மணி செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்த ஆட்டத்துல இரண்டாம் குவார்ட்டர் உங்களோடது," என்றாள்.

"சார் சொன்னாலுமா?"

"யார் சொன்னாலும்."

"பாக்கலாம்," என்றாள் செல்வி.

மண்டலத்தில் ஜெயித்ததால் கிடைத்த பல்கலைக்கழகப் போட்டியின் முதல் ஆட்டத்தில், ஆறு புள்ளி முன்னால் இருந்தபோது, பொன்மணி ஐந்து பேரையும் இறக்கினாள். அவர்கள் மோசமாக ஆடவில்லை. ஆனால் எதிரணி பலமானது. குவார்ட்டர் முடிவில் நான்கு புள்ளி பின்னால். பிறகு சுனிதா கடைசிவரை சோராமல் ஓடியும் இரண்டு புள்ளியில் ஆட்டம் போயிற்று. ஊருக்குத் திரும்பும் வண்டியில் சுனிதாவும் செல்வியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுவாரம் வெங்கிடாசலம் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை சாயா வரவில்லை.

"கையில இருந்த ஆட்டத்தைக் கொண்டுபோய்த் தொலைச்சே. கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"நான்தான் இறக்கினேன்னு சொல்லுங்க சார்."

"மறுபடி இப்படி ஒரு ஆட்டம் வந்தா?"

"மறுபடியும் இறக்குவேன். சுனிதா இந்த வருஷத்தோட படிப்பை முடிச்சுட்டுப் போறா. அவ இல்லாம ஆடப் போறவங்க எங்கிருந்து வருவாங்க சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "கமிட்டியில கேட்டுப் பார்க்கறேன். ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது," என்றார்.

பொன்மணி வெளியே வந்தாள். வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லை. களத்தில் பந்து தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. பொன்மணி வர நேரமானதால், செல்வி மற்றவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பயிற்சியை ஆரம்பித்திருந்தாள்.