அம்மா சொன்னபடி

எம்.ஏ. சமூகவியல் கடைசி செமஸ்டரில் மகிழினியும் ஜெனிஷும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். வண்ணாரப்பேட்டைக் கடைகளில் உழைக்கும் பெண்களைப் பற்றியது. வியாசர்பாடியில் இருக்கும் மகிழினியின் அம்மா கெங்கம்மா வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிறவர். ஜெனிஷின் அம்மா செல்லக்கனி தெற்கே நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அதே வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை நடத்துகிறார். இரண்டு அம்மாக்களையும் பேட்டி எடுத்து, கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பில் ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பஸ்ஸில் வரும்போது மகிழினி போனில் கோப்பைத் திறந்தாள். ஜெனிஷின் பச்சைக் கர்சர் அவளுடைய பகுதியில் ஓடிக்கொண்டிருந்தது. "காலைலேந்து நின்னுகினே கீறேன், உக்கார ஒரு ஸ்டூலு கெடியாது" என்று அம்மா சொன்ன வரி, அவள் கண்முன்னே "பணிநேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறேன், அமர இருக்கை இல்லை" என்று மாறியது.

அங்கேயே போன் போட்டாள்.

"இன்னாடா பண்ணிகினு கீற? அது எங்கம்மா பேசுனது."

"கோவப்படாத மகிழினி. வைவாவுல படிச்சிட்டுச் சிரிப்பாவ. உங்கம்மாவப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னுதான்..."

"நீதான் சிரிக்கிற மாதிரி ஆக்கி வெச்சிருக்க. எங்கம்மா எப்படா 'இருக்கை'ன்னு சொல்லுச்சு?"

போனை வைத்துவிட்டு, வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய் நேற்றைய பிரதியை மீட்டாள். ஜெனிஷ் கோப்பிலிருந்தே வெளியேறிவிட்டான்.

மூன்று நாள் அவன் கோப்புப் பக்கமே வரவில்லை. கோபம் தணிந்து, கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து அவன் எழுதிய பாதியை மகிழினி முதல்முறையாக நிதானமாகப் படித்தாள். "சில்லறை வணிகத்தில் ஓய்வு அரிது" என்று செல்லக்கனி ஒரு தலையங்கம் மாதிரி பேசியிருந்தார். அப்போதுதான் புரிந்தது, அவன் முதலில் திருத்தியது தன் அம்மாவைத்தான். முதல் வருஷம் வகுப்பில் அவன் வாய் தவறி வீட்டுப் பேச்சில் "என்னல" என்றதற்கு எல்லோரும் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவளும்தான் சிரித்திருந்தாள்.

அந்தப் பத்தியின் ஓரத்தில் கமென்ட் போட்டாள்: "உங்கம்மா நெசமா எப்டி சொன்னாங்க? அன்னைக்கு நானும் சிரிச்சேன். சாரி."

கொஞ்ச நேரத்தில் பச்சைக் கர்சர் வந்தது. வரியின் முடிவில் அசையாமல் நின்றது. பிறகு "சில்லறை வணிகத்தில் ஓய்வு அரிது" என்பது ஒவ்வோர் எழுத்தாக அழிந்து, அந்த இடத்தில் வேறு குரல் வந்தது:

"ஒரு வாய் சோறு திங்க உள்ள போவ முடியாது பாத்துக்கோ. போனா, 'அக்கா கடைல இல்லியா'ன்னு கூப்புடுவாவ."

மகிழினி சத்தமாகச் சிரித்துவிட்டாள். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

வழிகாட்டி ஆலிஸ் மேடம் படித்துவிட்டு ஒரே குறிப்புதான் எழுதினார்: "பேட்டிகளில் கை வைக்காதீர்கள். கடினமான சொற்களுக்கு அடிக்குறிப்பு போதும்." வைவாவில் யாரும் சிரிக்கவில்லை.

கட்டுரையை மகிழினி வீட்டில் வாசித்துக் காட்டினாள். கெங்கம்மா தன் பகுதியைச் சும்மா கேட்டுக்கொண்டார். செல்லக்கனியின் பகுதி வந்ததும், "இன்னொரு தபா படி" என்றார்.

படித்தாள்.

"பாவம், துன்னக்கூட வுட மாட்டேன்றாங்களே. எந்தக் கடைடி அது?"

அடுத்த லீவு நாளில் அம்மாவை அவள் அங்கே கூட்டிப்போனாள். செல்லக்கனி கெங்கம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனவர்தான். பேச்சு முடியவே இல்லை. மகிழினியும் ஜெனிஷும் ஒரு மணி நேரம் பருப்பு நிறுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.