அப்பா பார்த்த திசை

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு பழைய படத்தைப் போட்டாள். நான் பிறந்த வாரம் எடுத்தது. எல்லோரும் கேமராவைப் பார்க்க, என்னைத் தூக்கி வைத்திருந்த அப்பா மட்டும் முகத்தைத் திருப்பியிருந்தார்.

“மூணாவதும் பொண்ணுன்னு கோபம்டி!” என்று சீண்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். “நிஜமாம்மா?”

அம்மா சிரித்தாள். “அடி போடி! அடுப்புல உன் பால் பாட்டிலைச் சுத்தம் பண்ணத் தண்ணியில கொதிக்க வச்சிருந்தார். அதுக்கு முந்தின நாள்தான் தண்ணி வத்தினதைக் கவனிக்காம ஒண்ணை உருக்கிட்டார். அதான் கண்ணு அங்கேயே இருந்துச்சு. அவர் சட்டைப் பையைப் பாரு.”

படத்தைப் பெரிதாக்கினேன். பேனா இருக்க வேண்டிய இடத்தில் பாட்டிலின் ரப்பர் காம்பு எட்டிப் பார்த்தது.

அதை மட்டும் வெட்டி அக்காவுக்கு அனுப்பினேன்.