மேனுகாவின் வாக்கு

மேனுகா பிறந்த நொச்சிக்கேணி இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தமிழர் பகுதியும் சிங்களவர் பகுதியும் சந்திக்கும் எல்லைக் கிராமங்களில் ஒன்று. ஊர்ப் பெயரைச் சொன்னால், "அது ஆருடைய பக்கம்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஆமிக்காரர் வந்து ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். வேறு இடம் தருவதாகவும் சொன்னார்கள். கிடைத்தது அகதி முகாம். அங்கே காய்ச்சலில் அப்பா இறந்துபோனார். தாய் கமலாவதி மகளைக் கூட்டிக்கொண்டு கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து சேர்ந்தாள்.

கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். கமலாவதி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தாள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த மேனுகா, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வரும் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்லும் பிள்ளையானாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, ஒரு ஜனவரிக் குளிரில், வீடுகளைச் சூடாக்கும் கட்டடத்தின் கொதிகலன் பழுதாகிக் கிடந்தது. கட்டட உரிமையாளர் எட்டிப் பார்க்கவில்லை. அவள் கதவு கதவாகத் தட்டி ஆட்களைச் சேர்த்து வாடகை நீதிமன்றத்துக்குப் போய் வென்றாள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எதற்கும் அவளைத்தான் தேடினார்கள்.

நகரசபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி முதலில் கேட்டவர் யோகேந்திரன். மொன்றியலில் இருந்த திருகோணமலைக்காரரின் சங்கத்துக்குத் தலைவர். வாக்காளர்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கினார், கொட்டும் மழையில் கம்பங்களில் விளம்பரப் பலகை கட்டினார். அவள் வென்ற அன்று மேடையிலேயே அழுதுவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, சங்கம் ஒரு மண்டபத்துக்காக ஒரு கட்டடத்தை விலைபேசியது. அதில் எட்டுக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. குடியிருப்பை மண்டபமாக மாற்ற நகரசபையின் அனுமதி தேவைப்பட்டது. யோகேந்திரன் அவளது அலுவலகத்துக்கு வந்தார்.

"பிள்ளை, எங்கட சனத்துக்கெண்டு இங்க ஒரு கூரை இல்லை. கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் மற்றவையிட்டக் கெஞ்சிறம். நீ கையை உயர்த்தினாக் காணும்."

"உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம், அண்ணை."

"அவைக்கு வேற இடம் கிடைக்கும்."

"எங்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவை."

"அதையும் இதையும் ஒண்டாக்காத," என்றார் யோகேந்திரன். தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயமில்லை என்று மேனுகாவால் நினைக்க முடியவில்லை. அதுதான் அவளை வாட்டியது. வாக்கெடுப்பு நாளில் கூடம் நிறையத் தமிழர்கள் வந்திருந்தார்கள். அவள் எதிர்த்து வாக்களித்தாள். ஒரே ஒரு வாக்கால் அனுமதி மறுக்கப்பட்டது. வந்திருந்தவர்கள் கதிரைகளை ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டு வெளியே போனார்கள்.

அடுத்த வாரம் பேருந்துத் தரிப்பில் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் றோசாவைக் கண்டாள். பிலிப்பைன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. மேனுகாவை அடையாளம் தெரியாமல் "போன்ஜூர்" என்று சிரித்துவிட்டு பேருந்தில் ஏறிப் போனாள்.

கமலாவதி வெள்ளிக்கிழமைகளில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் உள்ள முருகன் கோயிலுக்குப் போவாள். வழக்கமாகக் காரில் ஏற்றிப்போனவர்கள் இந்த முறை இடமில்லை என்றார்கள். மேனுகாவே கூட்டிப்போனாள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்கள் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வரவில்லை.

"நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை," என்றாள் கமலாவதி, காரில் திரும்பும்போது. "ஆனா நாலு பேரோட கதைக்க எனக்கு வேற இடம் இல்லை, மகள்."

பனி தூவத் தொடங்கியிருந்தது.

"உதயன் வரச்சொல்லிக் கேக்கிறான். ரொறொன்ரோவுக்குப் போய்க் கொஞ்சக் காலம் இருந்திட்டு வாறன்," என்றாள் தாய்.

உதயன் கமலாவதியின் தம்பி. கொஞ்சக் காலம் என்று போனவள் திரும்பவில்லை. மேனுகா பின்னேரங்களில் வானொலியைப் போட்டுவிட்டுத் தனியே சமைத்தாள். பல நாள் சமைக்கவுமில்லை. அலுவலகத்துக்கு வரும் தமிழர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் பிரெஞ்சில் கதைத்தார்கள்.

அடுத்த தேர்தலில் யாரும் வான் ஓட்டவில்லை. அவளே மாடி மாடியாக ஏறினாள். முன்னரைவிடக் குறைந்த வாக்குகளில், ஆனாலும் வென்றாள்.

பதவியேற்பு நாள் காலையில் தாயை அழைத்தாள். "வரேல்லை, பிள்ளை. வந்தா எல்லாரையும் பாக்க வேணும்," என்றாள் கமலாவதி. "நல்லாச் செய்."

கூடத்தில் மற்ற உறுப்பினர்களின் குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தன. செயலாளர் பெண் மேனுகாவிடம் குனிந்து, அவளது ஆட்கள் வரும்வரை பொறுக்கட்டுமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"வேண்டாம். தொடங்குங்கோ," என்றாள் மேனுகா. தமிழில் சொன்னதை உணர்ந்து, அதையே பிரெஞ்சில் திருப்பிச் சொன்னாள்.