மஞ்சள் சாவி

எம்.டி.யின் அறைச் சுவரில் இருந்த திரை எம்.டி.யை விட அகலம். அது லேசுப்பட்ட சாதனையல்ல. வாங்கி மாட்டிய பிறகுதான், அதில் காட்ட ஒன்றுமே இல்லையே என்ற கவலை அவரை அரிக்கத் தொடங்கியது. அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலைக்கு ரப்பர் ஷீட் உருட்டும் புது இயந்திரம் வந்து இறங்கியது. புது இயந்திரம் என்றால் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும். பயிற்சி என்றால் படம் வேண்டும். கவலை தீர்ந்தது.

"எட்டு கே-ல பண்ணுங்க," என்றார். "செகண்டுக்கு அறுபது ஃப்ரேம். வெண்ணெய்ல கத்தி மாதிரி போகணும்."

"எதுல சார் போட்டுக் காட்டுவோம்?" என்று கேட்டான் படக்காரன்.

"இதோ, இதுல."

"தொழிலாளிங்களுக்கு?"

"அவங்களுக்கும் இதே ஃபைல்தான். நம்ம கம்பெனியில மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு பேதமே கிடையாது."

பேதம் கிடையாதுதான். மேலே இருந்தது அந்தத் திரை. கீழே கேன்டீனில் இருந்தது, பக்கத்தில் தட்டினால் மட்டும் நிறம் சரியாகும் ஒரு டிவி.

படக்காரன் என்பது அவனுக்கு அக்கா வீட்டுக்காரர் வைத்த பெயர். அனிமேஷன் என்று வாய்க்குள் நுழையாததால் வைத்தது, ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டது. அத்தான் அந்தத் தொழிற்சாலையில்தான் ரோலரில் வேலை பார்த்தார். "என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், படம் காட்டுறதுல கில்லாடி," என்று சூப்பர்வைசர் காதில் போட்டு, இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

படக்காரன் அந்தக் கேன்டீனில் அத்தானோடு உட்கார்ந்து டீ குடித்தவன். அந்த டிவியைப் பார்த்தவன். வீடியோ என்பது குழாயில் வரும் தண்ணீர் மாதிரி. குழாய் தாங்குகிற அளவுக்குத்தான் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பழைய டிவிக்குப் பழைய ஃபார்மேட்டில், அளவைக் குறைத்து, நன்றாகக் கம்ப்ரஸ் செய்து இன்னொரு பிரதி போட்டால் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரே செய்து வைத்துவிடும்.

செய்யவில்லை. கம்ப்ரஸ் என்ற சொல்லைக் கேட்டாலே அவனுக்கு முகம் சுருங்கும். ஒவ்வொரு தூசியையும் தனித்தனியாகப் பறக்கவிட்டவன் அவன். அதைப் போய்ப் பிழிந்து, சக்கையாக்கி, தட்டினால் ஓடும் டிவிக்குக் கொடுப்பதா? "கலை தெரிஞ்ச ஒருத்தர் கேட்டாரு, கலை தெரிஞ்ச ஒருத்தன் கொடுத்தேன்," என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டான். கலை தெரிந்த எம்.டி. பின்னணிக் குரலையும் எடுக்கச் சொன்னார். படம்தான் பேச வேண்டுமாம். வயலின் மட்டும் போதுமாம்.

படத்தின் உயிர் ஒரே இடத்தில் இருந்தது. புது இயந்திரத்தில் ஷீட் சிக்கினால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், ரோலர் நிற்கும். பழைய இயந்திரத்தில் அத்தோடு சரி, கையை விட்டு ஷீட்டை இழுத்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல. சிக்கல் விலகிய நொடியில் தானாகவே மறுபடி ஓடும். பக்கவாட்டில் இருக்கும் மஞ்சள் சாவியைத் திருப்பிப் பூட்டிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

முக்கியமான இடமல்லவா? படக்காரன் தன் வித்தையை எல்லாம் அங்கேதான் இறக்கினான். கேமரா சாவியைச் சுற்றி வட்டமிடும். சாவியில் தொழிற்சாலையின் விளக்குகள் அத்தனையும் மின்னும். ஒளித்துகள்கள் பொன்மழையாகச் சிதறும். மொத்தப் படத்திலும் கனமான காட்சி அது. மேலே எம்.டி.யின் சுவரில் அதைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஒரு பங்குதாரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அத்தானின் வலது கை போன செய்தி, படக்காரன் ஒரு விருதுக்கு இதே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தபோது வந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தான் மணிக்கட்டோடு முடிந்துபோன கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"அந்தச் சாவி, அத்தான்…"

"எந்தச் சாவி?"

"படத்துல வருமே. மஞ்சளா."

"உன் படத்துலயா?" அத்தான் யோசித்தார். "ஒரு ஆளு வருவான். பொத்தானை அமுக்குவான். அப்புறம் சிலை மாதிரி அப்படியே நிப்பான். வயலின் மட்டும் ஓடும். திடீர்னு பார்த்தா கை உள்ள இருக்கும், ஷீட்டை இழுத்துட்டு இருப்பான். பொறுமையா யோசிச்சுட்டுக் கைய விடணும்னு சொல்ல வர்றாங்கன்னு நெனச்சோம். நானும் நின்னேன் மாப்ளே. அவன் மாதிரியே நல்லா யோசிச்சுட்டுத்தான் விட்டேன்."

படக்காரன் அங்கிருந்து நேராகத் தன் அறைக்குப் போனான். அழுதுகொண்டே கம்ப்ரஸ் செய்தான். பொன்மழையைத் தூக்கினான், மினுமினுப்பைத் தூக்கினான், அளவைக் குறைத்தான். கத்தரிக்காய் விதை மாதிரி ஆகிவிட்ட அந்த ஃபைலை அன்றே கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் கொடுத்து, "பழசை அழிச்சுட்டு இதப் போடுங்க, இனிமே யாருக்கும் எதுவும் ஆகக் கூடாது," என்றான். நல்ல காரியம்தான். அதில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை எத்தனை பங்கு என்று அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. படத்தைப் பார்த்தும் அலட்சியமாகக் கையை விட்டார் என்று முடிவானால் அத்தானுக்கு வேலை கிடையாது. இல்லையென்றால் உட்கார்ந்து செய்கிற மாதிரி ஏதாவது கொடுப்பார்கள்.

"உன் படம்டா. நீதான் சொல்லணும்," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

விசாரணை அன்று எம்.டி. தன் சுவரில் படத்தைப் போட்டுக்காட்டி, "இதுக்கு மேல எப்படிங்க தெளிவா சொல்றது?" என்று கம்பெனி வக்கீலைப் பார்த்தார்.

"கீழ டிவியில போட்டுப் பாருங்க சார்," என்றார் அத்தான்.

எம்.டி. சிரித்தார். "பார்த்துட்டாப் போச்சு. நம்மகிட்ட ஒளிவுமறைவு ஏது?"

கீழே இருப்பது தான் மாற்றிக் கொடுத்த ஃபைல் என்பது படக்காரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் ஊர்வலம் படியிறங்கிவிட்டது.

கேன்டீனில் தொழிலாளர்கள் எழுந்து நின்றார்கள். சூப்பர்வைசர் டிவியைப் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினார். படம் ஓடியது. ஆள் வந்தான், பொத்தானை அழுத்தினான், நிற்காமல் நடந்தான், மஞ்சள் சாவியைத் திருப்பினான். தடங்கலே இல்லை. வெண்ணெய்ல கத்தி.

"ஐயையோ, இந்தச் சாவி எப்ப வந்துச்சு?" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண்.

"பார்த்தீங்களா?" எம்.டி. வக்கீல் பக்கம் திரும்பினார். "நல்ல படம்னா இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு கத்துக்கலாம்."

பக்கத்தில் இருந்தவள் அந்தப் பெண்ணின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், இது வேற ஃபைல்," என்றான் படக்காரன். "போன வாரம் நான் மாத்துனது. பழசு இந்த டிவியில ஓடாது. சாவி வர்ற இடத்துல பிட்ரேட் எகிறி, டிவி தாங்காம படம் நின்னுடும்…"

"ஓடலைன்னு நீங்க பார்த்தீங்களா?" என்றார் வக்கீல்.

"இல்ல. அத்தான் சொன்னாரு."

"ஓ, இவர் உங்க அத்தானா?" வக்கீல் பேனா மூடியைத் திறந்தார். "பழைய ஃபைல்ல சாவி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா தெரியாது."

"இருக்கா, இல்லையா?"

"என்கிட்ட பழசு இருக்கு சார். இப்பவே இதுல போட்டுக் காட்டுறேன்."

"மேலதான் பார்த்தோமே தம்பி, ஜம்முனு ஓடுச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

படக்காரன் அத்தானைப் பார்த்தான். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு," என்றான்.

"போதும்." வக்கீல் எழுதிக்கொண்டார்.

எம்.டி. போகிற போக்கில் அவன் தோளில் கை வைத்தார். "அடுத்தது, கையோட அருமையைப் பத்தி ஒண்ணு பண்ணுவோம். உருக்கமா இருக்கணும். எட்டு கே-ல."

எல்லோரும் போய்விட்டார்கள். டிவியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை; படம் முதலிலிருந்து மறுபடி ஓடியது. ஆள் வந்தான், அழுத்தினான், சாவியைத் திருப்பினான். அத்தான் இடது கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார்.

"நல்லா இருக்கு மாப்ளே," என்றார். "இப்ப அவன் யோசிக்கிறதே இல்ல."