லிசியப்பா வீடு

“சாயங்காலம் வேணாங்கய்யா, மதியமே எடுத்துடலாம்” என்று லிசி போனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். சபை ஐயர் மறுமுனையில் இழுத்தார். குழி தோண்டுகிறவரிடம் சொல்ல வேண்டும், பாட்டுக் குழுப் பிள்ளைகள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள், வெளியூர்க்காரர்கள் வந்து சேர வேண்டாமா என்றார்.

“வெளியூர்ல யாரும் இல்லங்கய்யா. பாட்டு நானே பாடிக்கிறேன். நீங்க வந்தாப் போதும்.”

பந்தல் போட வந்தவர் காதில் இது விழுந்துவிட்டது. “ஐயரு வர்றாருங்களா? அப்ப மூங்கில், மண்சட்டி எல்லாம் சொல்லணுமே” என்று தலையைச் சொறிந்தார். திருவானைக்காவலில் ஐயர் என்றால் அவருக்கு ஒரே ஐயர்தான். “இது சர்ச் ஐயருண்ணே. சட்டியெல்லாம் வேணாம், சேரை மட்டும் போடுங்க” என்று லிசியின் கணவன் கலையரசன் அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். துக்க வீட்டிலும் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. லிசிக்கு வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. மலையிலிருந்து அந்த வண்டி வருவதற்குள் அப்பாவை அம்மா பக்கத்தில் புதைத்துவிட வேண்டும்.

அப்பா தைரியராஜ் விடியற்காலையில் போனார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தவரைத் தில்லை நகரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லிவிட, லிசி தன் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டாள். வாழ்நாளில் அவர் அவளோடு சேர்ந்தாற்போல் தங்கியது அந்தச் சில நாட்கள்தான். அதிலும் பாதி நேரம் தூக்கம், மீதி நேரம் “மழை பெஞ்சிருக்குமா அங்க?” என்ற கேள்வி. நல்ல அப்பா போங்கள்.

பச்சைமலைக்கு மேலே சின்னக்கோம்பை என்று ஓர் ஊர். லிசிக்கு நாலு வயதாக இருக்கும்போது மிஷன் சங்கம் அவரை அங்கே ஊழியத்துக்கு அனுப்பியது. பள்ளிக்கூடம் இல்லாத இடத்தில் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று அம்மா ஜோதி அவளோடு திருச்சியிலேயே தங்கிவிட்டாள். அவள் நர்ஸ் வேலைக்குப் போக, லிசி ஹாஸ்டலில் வளர்ந்தாள். மாதத்தில் ஒருநாள் அப்பா வருவார். அழுக்கு வேட்டி, தோளில் குச்சிக்கிழங்கு மூட்டை. ஹாஸ்டல் பிள்ளைகள் அவளுக்கே குச்சிக்கிழங்கு என்று பேர் வைத்தார்கள். அப்பா அதையும் கேட்டுச் சிரித்தார். மலைக்கு ஒருதரம் வாயேன் லிசி என்று கூப்பிடுவார். லீவில் வரேன்ப்பா என்பாள்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அம்மா செத்துப்போனாள். மூன்றே நாள் காய்ச்சல். ஐப்பசி மழை. மலைப்பாதையில் மண் சரிந்து, சொல்லி அனுப்பிய ஆள் போய்ச் சேர்ந்து, அப்பா இறங்கி வந்தபோது எல்லாம் முடிந்து மண் மூடியாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்மேட்டுக்கு முன்னால் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்படிப் போனாள், என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வாரம் இருந்துவிட்டு மறுபடி மலைக்குப் போனார். அன்றைக்கு லிசி முடிவு பண்ணியதுதான். அந்த மலையில் காலடி வைப்பதில்லை என்று. இந்த நாள் வரை வைக்கவில்லை.

காலையில் சேதி சொல்வதற்காக அவள்தான் மலைக்குப் போன் போட்டாள். அப்பாவுக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. பக்கத்து வீட்டு வெள்ளைச்சாமியின் நம்பரைத்தான் ‘மலை’ என்று பதிந்து வைத்திருந்தாள். இத்தனை வருஷமும் அந்த மனிதர் “இரு பாப்பா, அப்பாகிட்ட குடுக்கறேன்” என்பதற்கு மேல் பேசியதில்லை. இன்றைக்குச் சேதியைக் கேட்டதும் “குழி வெட்டச் சொல்லிடறேன் பாப்பா. அப்பாவை இங்க கொண்டாந்துடுவோம். வண்டி எடுத்துட்டு வரோம்” என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தவரைத்தான் முழுசாக எடுத்துக்கொண்டார்கள். செத்தவரையுமா?

“வாங்க. திருவானைக்கா வந்து தைரியராஜ் வீடுன்னு கேளுங்க, சொல்வாங்க” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஐயருக்குப் போன் போட்டு மதியத்துக்கு மாற்றினாள். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை, எழுந்தால் நிற்கவும் முடியவில்லை. வாசலுக்குப் போவாள், தெருமுனையைப் பார்ப்பாள், உள்ளே வருவாள். பக்கத்து வீட்டு யமுனா காபி கொண்டுவந்து வைத்து அது ஏடு கட்டிப்போனது.

உச்சிவெயில் ஏறுகிற நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. ‘மலை’. நின்றது, மறுபடி அடித்தது. “யாரு?” என்றான் கலையரசன். “யாரோ லோன் வேணுமான்னு கேக்கறாங்க” என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மேஜைமேல் கவிழ்ந்தபடியே முனகிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஐயர், “முகம் பார்க்க வேண்டியவங்க எல்லாம் பார்த்தாச்சா?” என்று கேட்டார். ஆச்சுங்கய்யா என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் பத்திருபது பேர்தான். மிஷன் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து மாலை வைத்தார். லிசி பாடினாள். குரல் நடுவில் கம்மிப்போனபோதும் நிறுத்தவில்லை. அம்மாவின் கல்லறைக்கு ஒட்டினாற்போல் பெட்டி இறங்கியது. மண் விழுந்தது, மேடு எழும்பியது, தலைமாட்டில் ‘தைரியராஜ்’ என்று எழுதிய மரச்சிலுவையை நட்டார்கள். அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது அவளுக்கு. இனி யாரும் எடுத்துப்போக முடியாது.

வந்தவர்கள் கலைந்து, ஐயரும் கிளம்பிய பிறகு, கேட்டுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே புதுப்பாய் விரித்திருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை. ஓரங்களில் நெருக்கியடித்து நின்றுகொண்டு வந்திருந்தார்கள். முதலில் இறங்கியவர் நெற்றியில் விபூதியோடு இருந்த பெரியவர். குரலைக் கேட்டதும்தான் வெள்ளைச்சாமி என்று தெரிந்தது.

“முடிஞ்சிருச்சா பாப்பா?”

அவர் மண்மேட்டைப் பார்த்தார். பின்னால் வந்த பெண்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் அலறவில்லை. எப்படிப் போனார் என்று கேட்கவும் இல்லை. அப்பா அன்றைக்கு நின்ற அதே நிற்பு. லிசிக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது.

“காலையிலயே வந்துட்டோங்க” என்றாள் வெள்ளைச்சாமியின் மனைவி வள்ளிக்கண்ணு. “திருவானைக்காவுல கேட்டோம், யாருக்கும் தெரியல. ஸ்ரீரங்கத்துல இருக்குமோன்னு ஒருத்தர் சொன்னாரு. அங்கயும் போய்த் தெருத்தெருவாக் கேட்டோம். இப்படி ஒரு பேரு இங்க கெடையாதுன்னுட்டாங்க. உங்களுக்குப் போன் போட்டோம், எடுக்கல.”

“என்ன பேர் சொல்லிக் கேட்டீங்க?” கலையரசன் கேட்டான்.

“லிசியப்பா வீடுன்னு.”

கலையரசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“தைரியராஜ்னு சொன்னேனே” என்றாள் லிசி.

“சொன்ன பாப்பா. அது நீ கட்டிக்கிட்ட வீட்டுக்காரங்க யாரோ பேராக்கும்னு நெனச்சிக்கிட்டேன்” என்றார் வெள்ளைச்சாமி. “பந்தல் போட்ட வீட்டை ரெண்டு தரம் தாண்டித்தான் போனோம். போஸ்டர்ல கோட்டுப் போட்டுக்கிட்டு, கருகருன்னு மீசை வச்ச ஆளு. வேற யாரோ சாவு, பாவம்னு சொல்லிக்கிட்டுப் போனோம். அப்புறம் அந்தப் பந்தல்காரருதான், மலையில பைபிள் சொல்லிக்கிட்டு இருந்தவரான்னு கேட்டு இங்க அனுப்பினாரு.”

போஸ்டருக்கு லிசி கொடுத்தது அப்பாவின் கல்யாணக் காலத்துப் போட்டோ.

“அவர் பேரே உங்களுக்குத் தெரியாதா?” என்றாள்.

“எங்க பக்கம் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடறதுங்க” என்றாள் வள்ளிக்கண்ணு. “அவரு வந்த அன்னைக்கு உங்க பிள்ளை பேரென்னன்னு கேட்டோம். லிசின்னாரு. அதுக்கப்புறம் லிசியப்பாதான். எட்டூருக்கும் லிசியப்பாதான். எம் பொண்ணு பொறந்தப்ப அவரையே பேர் வைக்கச் சொன்னோம். தெரிஞ்சது ஒரே பேருதான்னு சிரிச்சாரு. லிசி, இங்க வாடி.”

இடுப்பில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் முன்னால் வந்தாள். லிசிக்குச் சுருக்கென்றது. என் பேரையும் தூக்கிக் கொடுத்துவிட்டாரா? கூடவே, இத்தனை வருஷம் அந்த மலையில் காலையிலும் மாலையிலும் யார் யாரோ தன் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்திருக்கிறார் என்பதும் தோன்றியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

வெள்ளைச்சாமி செருமினார். “ஒண்ணு கேக்கணும் பாப்பா. அம்மா பக்கத்துல வச்சுட்ட, அது சரிதான், நாங்க ஒண்ணும் சொல்லல. ஆனா அங்க குழி வெட்டியாச்சு. வெட்டுன குழியை எங்க ஊர்ல வெறுமனே மூட மாட்டோம். அப்படி மூடினா இன்னொரு ஆளைக் கேக்கும்பாங்க. அவர் சாமான் ஏதாவது உள்ள வச்சு, சொந்தப் பிள்ளை கையால மண்ணு தள்ளணும்.”

“வீட்ல அவர் பை இருக்கு. எடுத்துத் தரேன்.”

“சாமான் எங்ககிட்டயே கெடக்கு. குடை, செருப்பு, கம்பளி எல்லாம் இருக்கு. கைதான் இல்ல.”

கலையரசன் வாயைத் திறக்கப் போனான். நாளைக்குப் பார்க்கலாமே, அவள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று சொல்லத்தான். லிசி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள். போகிற வழியில் பாலக்கரைப் பக்கம் சிலுவை செய்கிற கடையில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள்.

கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். காலையில்தானே ஒன்று வாங்கிப்போனாள், இன்னொன்றா என்று பார்த்தார். கறுப்பு பெயிண்டில் பிரஷைத் தோய்த்துக்கொண்டு, “பேர் சொல்லுங்கம்மா” என்றார்.

“லிசியப்பா.”

“இனிஷியல்?”

“இனிஷியல் இல்லண்ணே.”

“முழுப்பேர் இல்லீங்களா? கல்லறையில வீட்ல கூப்பிடற பேரெல்லாம் எழுதறதில்லயே.”

“அதுதான் முழுப்பேர். எழுதுங்க.”

பெயிண்ட் காயவில்லை, தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். வேன் காவிரியைத் தாண்டி, கொள்ளிடத்தைத் தாண்டித் துறையூர் ரோட்டில் விரைந்தது. கலையரசன் டிரைவர் பக்கத்தில் இருந்தான். லிசி பின்னால் பெண்களோடு பெண்களாக, வள்ளிக்கண்ணுவின் மகள் பக்கத்தில், சிலுவையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கென்று விரித்த பாயை இப்போதும் யாரும் மிதிக்கவில்லை. வெயில் தாழ்ந்திருந்தது. தூரத்தில் மலை நீலமாகத் தெரியத் தொடங்கியது. ரோட்டுப் புழுதி எழுத்தில் படியாமல் அவள் முந்தானையைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“லிசி, காத்து அடிக்குது பாரு, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரு” என்றாள் வள்ளிக்கண்ணு.

இரண்டு பேரும் தள்ளி உட்கார்ந்தார்கள்.